கால் திரும்பிப் பொறந்த குழந்தை: மாவுக்கட்டு ரெண்டு மாசம், ஷூ நாலு வருஷம்

பொறந்த குழந்தையோட பாதம் உள்பக்கமா மடங்கி, குதிகால் மேல ஏறி, உள்ளங்கால் இன்னொரு காலைப் பாக்கற மாதிரி திரும்பியிருந்தா அதுக்குப் பேரு கிளப் ஃபுட், சில டாக்டருங்க வளைபாதம்னு எழுதுவாங்க. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணுன்னு கணக்கு, பையங்களுக்கு ரெண்டு மடங்கு ஜாஸ்தி வரும், பாதிப் பேருக்கு ரெண்டு காலுமே இப்படி இருக்கும். இது சரியாகும், பெரிய ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். என் பையன் இப்ப ஸ்கூல் விட்டு வந்தா பையை வாசல்லயே கடாசிட்டு தெருவுல பந்து உதைக்கப் போயிடறான், எந்தக் கால்னு நானே சொன்னாத்தான் தெரியும், அந்தப் பக்கம் கெண்டைக்கால் கொஞ்சம் ஒல்லி அவ்ளோதான்.

ஆனா எல்லாரும் பயப்படறது மாவுக்கட்டுக்கு, அது ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் வர்ற, நடுவுல கம்பி வச்ச ஜோடி ஷூ இருக்கே, அதை நாலஞ்சு வருஷம் தினமும் ராத்திரி மாட்டணும், அங்க தான் நிறைய வூட்ல கோட்டை விடறாங்க, ஏன்னா கால் அப்ப பாக்க நேராத் தான் இருக்கும், இனிமே எதுக்குன்னு தோணும். அதனால இந்தப் பதிவுல பாதிக்கு மேல ஷூ கதை தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல வூட்ல பேசறதை நிறுத்தணும்

குழந்தையைப் பாக்க வர்றவங்க கேக்கற முதல் கேள்வி "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" தான். அடுத்தது கால் மேல கால் போட்டு உக்காந்தியா, ஏதாச்சும் கத்தி அருவாமணை புடிச்சியா. எதுவும் காரணம் இல்ல. பெரும்பாலும் இன்ன காரணம்னு சொல்ல முடியாது, ஜீன் சம்பந்தம் கொஞ்சம் இருக்கு, அதனால ஒரு குழந்தைக்கு இருந்தா அடுத்ததுக்கு வர வாய்ப்பு நூத்துல மூணு நாலுன்னு சொல்றாங்க, அதாவது நூத்துல தொண்ணூத்தாறுக்கு வராது. கர்ப்பத்துல அஞ்சாம் மாசம் எடுக்கற பெரிய ஸ்கேன்லயே சிலருக்குத் தெரிஞ்சிரும், தெரியலைன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகல, வைத்தியம் பொறந்த அப்புறம் தான். குழந்தையோட அப்பா இதை வூட்ல ஒருவாட்டி சத்தமா சொல்லிட்டா அம்மாவுக்கு பாதி பாரம் குறையும், நீங்க அப்பாவா இருந்து இதைப் படிச்சிட்டு இருந்தீங்கன்னா இன்னிக்கே சொல்லிருங்க.

ரெண்டாவது, நீவி விடறது. குளிப்பாட்ட வர்ற ஆயா காலை நீட்டி உக்காந்து, குழந்தையைக் கால் மேல போட்டு, எண்ணெய் தேய்ச்சி, "ரெண்டு மாசம் நீவினா நேரா வந்துரும்மா, எத்தினி கொழந்தையைப் பாத்துருக்கேன்" அப்படின்னு சொல்லும். அந்த ஆயா பொய் சொல்லல, சில குழந்தைக்கு வயித்துக்குள்ள இடுக்கிப் படுத்ததால பாதம் சும்மா மடங்கியிருக்கும், கையால தள்ளினா நேரா வரும், அது தானா சரியாப் போயிரும், ஆயா பாத்தது அந்தக் குழந்தைங்களை. நிஜமான கிளப் ஃபுட்ல பாதம் இறுகி இருக்கும், தள்ளினா வராது, நீவினா எதுவும் மாறாது, நாள் தான் போகும். இது எந்த வகைன்னு டாக்டர் தொட்டுப் பாத்து சொல்லுவார். அதே மாதிரி புத்தூர் கட்டு, நம்ம பக்கம் கை கால் உடஞ்சா ஓடற இடம் அது, இதுக்கு அங்க போகாதீங்க. இங்க எலும்பு உடையல, ஒவ்வொரு வாரமும் எந்த கோணத்துல எவ்ளோ திருப்பணும்னு கணக்கு இருக்கு, அந்தப் பயிற்சி இருக்கறவங்க தான் கட்டணும்.

எங்க போகணும், எப்ப

பொறந்து ஒரு வாரம் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, அப்ப தசைநார் எல்லாம் நெகிழ்வா இருக்கும். லேட் ஆயிருச்சுன்னா அய்யோ போச்சேன்னு உக்காராதீங்க, ஆறு மாசம் ஒரு வயசு ஆன குழந்தைக்கும், அதுக்கு மேலயும் இதே முறையில பண்றாங்க, கட்டு எண்ணிக்கை கூடும். எங்களுக்கு ஒரு பிரைவேட் கிளினிக்ல "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்"னு சொன்னாங்க. அப்படி யாராச்சும் சொன்னா இன்னொரு டாக்டரைப் பாருங்க.

வடசென்னைல வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆளுங்களுக்கு பக்கத்துல இருக்கறது பழைய ஜெயில் ரோட்டுல ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி, ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரில குழந்தை பெத்தவங்களுக்கு அது ஸ்டான்லியோட சேர்ந்தது தான். இன்னொண்ணு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. விம்கோ நகர்ல இருந்து வர்றவங்க மெட்ரோல சென்ட்ரல் இறங்கி பச்சை லைன் மாறினா அடுத்த ஸ்டேஷனே எழும்பூர், கட்டு போட்ட குழந்தையை வச்சிக்கிட்டு பஸ்ல இடிபடறதுக்கு அது தேவலை. காசு மிச்சம் பண்ணணும்னா லேடீஸ் ஃப்ரீ பஸ் இருக்கு, ஆனா காலைல ஆபீஸ் கூட்டத்துல ஏறாதீங்க.

எலும்பு டிபார்ட்மென்ட் ஓபில சீட்டு போட்டு, "இங்க பொன்செட்டி முறையில கட்டு போடறீங்களா, எந்தக் கிழமை"ன்னு நேரா கேளுங்க. கிளப் ஃபுட் குழந்தைங்களுக்குன்னு ஒரு நாள் ஒதுக்கி வச்சிருக்கற ஆஸ்பத்திரின்னா, அன்னிக்கு தான் அதுல கை தேர்ந்தவங்க இருப்பாங்க, அங்க வர்ற மத்த அம்மாங்களும் இருப்பாங்க, அவங்க கிட்ட கத்துக்கறது டாக்டர் கிட்ட கத்துக்கறதுக்கு கொறஞ்சதில்ல. டாக்டர் குழந்தையோட இடுப்பையும் முதுகையும் சேத்துப் பாத்தாரான்னு கவனிங்க, பாக்கலைன்னா கேட்டு வாங்குங்க, சில குழந்தைக்கு இடுப்பு மூட்டுலயோ தண்டுவடத்துலயோ ஏதாச்சும் சேர்ந்து இருக்கலாம்.

கையில டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதுவும், எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருங்க. 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேன்னு மத்திய அரசு திட்டம் ஒண்ணு இருக்கு, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கானது, அதோட லிஸ்ட்ல கிளப் ஃபுட் பேரோட இருக்கு. அங்கன்வாடியிலயோ நர்ஸ் கிட்டயோ அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க. சந்தேகம் இருந்தா 104க்கு போன் போட்டும் கேக்கலாம்.

பொன்செட்டின்னா யாருன்னு கேப்பீங்க. இக்னேசியோ பொன்செட்டி, 1914ல ஸ்பெயினோட ஒரு தீவுல பொறந்தவர், அமெரிக்காவுல அயோவா யூனிவர்சிட்டி டாக்டர். காலைக் கிழிச்சு ஆபரேஷன் பண்ண குழந்தைங்க பெருசானதும் பாதம் இறுகி வலியில இருக்கறதைப் பாத்துட்டு, கையாலயே மெல்லத் திருப்பி கட்டு போடற முறையைக் கண்டுபுடிச்சார். ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல, 1990கள் கடைசில இன்டர்நெட் வந்து அப்பா அம்மாங்க தங்களுக்குள்ள பேசிப் பரப்பின அப்புறம் தான் உலகம் பூரா போச்சு. அவர் பொறந்த நாள் ஜூன் 3 தான் இப்ப உலக கிளப் ஃபுட் தினம்.

மாவுக்கட்டு

வாரத்துக்கு ஒரு கட்டு, அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் போகும். டாக்டர் பாதத்தை ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் மெதுவாத் திருப்பி, அந்த நிலையில கட்டு போடுவார், விரல்ல இருந்து தொடை வரைக்கும், முட்டி மடங்கின மாதிரி. முட்டிக்குக் கீழ மட்டும் போட்டா வழுக்கிக் கழண்டு வந்துரும், திருப்பினதும் நிக்காது, அதான் தொடை வரைக்கும் போடறது.

கட்டு போடறப்ப குழந்தை அழும், வலியில இல்ல, புடிச்சி வச்சிருக்காங்கன்னு. இதுக்கு ஒரு வழி: கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்ட பால் குடுக்காதீங்க, கட்டு போடற நேரத்துக்கு பசி வர்ற மாதிரி பாத்துக்கிட்டு அப்ப பால் குடுங்க, சங்குலயோ பாட்டில்லயோ, குழந்தை பாலைப் பாக்கும், காலை மறந்துரும். கால் தளர்வா இருந்தா கட்டும் ஒழுங்கா விழும்.

முதல் கட்டு முடிஞ்சி அடுத்த வாரம் பிரிச்சா பாதம் முன்ன விட மோசமா உள்ள திரும்பின மாதிரி தெரியும். பதறாதீங்க, முதல்ல பாதத்தோட குழியை சரி பண்ணுவாங்க, அதுக்கு அப்படித்தான் தூக்கணும். அப்புறம் வாரா வாரம் வெளிப்பக்கமா நகரும். கடைசி கட்டுல பாத்தா பாதம் அளவுக்கு மீறி வெளிய திரும்பி நிக்கும், "அய்யோ இப்ப வேற பக்கம் கோணிடுச்சே"ன்னு என் மாமியார் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டாங்க, அதுவும் வேணும்னே வைக்கறது, 60, 70 டிகிரி வெளிய கொண்டு போனாத் தான் திரும்ப உள்ள வராது. ஒவ்வொரு கட்டு பிரிக்கறப்பவும் ஒரு போட்டோ எடுத்து வைங்க, மனசு தளர்ற அன்னிக்கு முதல் போட்டோவையும் கடைசி போட்டோவையும் பாத்துக்கலாம்.

வூட்டுக்கு வந்ததும் பாக்க வேண்டியது விரல். கட்டு முழுசாக் காய ஒரு நாளுக்கு மேல ஆகும், அதுவரைக்கும் விரல் நுனியால அமுக்கித் தூக்காதீங்க, உள்ளங்கையில ஏந்துங்க, தலகாணி மேல வைங்க. முதல் நாள் ராத்திரி ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கறப்பவும், அப்புறம் தினமும் நாலு தடவையாச்சும், கால் கட்டைவிரலை லேசா அமுக்கி விடுங்க, வெளுத்து ரெண்டு செகண்ட்ல சிவப்பு திரும்ப வரணும். வரலைன்னா, விரல் நீலமா ஜில்லுனு இருந்தா, வீங்கியிருந்தா, கட்டுக்குள்ள இருந்து கெட்ட நாத்தம் வந்தா, காரணமே இல்லாம ஜுரம் அடிச்சா, காலை வரட்டும்னு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னொண்ணு, விரல் தெரியற அளவு குறைஞ்சி உள்ள போயிட்டே இருந்தா கட்டு வழுக்குதுன்னு அர்த்தம், அது உள்ள பாதத்தைத் தப்பா அமுக்கும், அதுக்கும் அடுத்த வாரம் வரை காத்திருக்கக்கூடாது. முதல் நாளே விரலுக்கும் கட்டு ஓரத்துக்கும் நேரா ஒரு பேனா கோடு போட்டு போட்டோ எடுத்து வச்சா சண்டை இல்லாம தெரியும்.

குளியல் கிடையாது. ஈரத்துணி வச்சி துடைக்கறது மட்டும் தான், ஆயா கோவிச்சிக்கும், பரவால்ல, தலைக்கு மட்டும் தண்ணி ஊத்தற வேலையை அதுங்க கிட்ட குடுங்க, சாம்பிராணி போடட்டும். மூத்திரம் தான் பெரிய தலைவலி. துணி லங்கோட்டை விட இந்த ரெண்டு மாசத்துக்கு மட்டுமாச்சும் டயப்பர் வாங்குங்க, கட்டோட மேல் ஓரம் டயப்பருக்கு வெளிய இருக்கணும், அந்த ஓரத்துல பிளாஸ்டிக் கவர் கிழிச்சி சுத்தி டேப் ஒட்டுங்க. பவுடர், எண்ணெய் எதுவும் கட்டுக்குள்ள போகக்கூடாது. பால் ஒழுகி கட்டு ஓரத்துல காஞ்சிருந்தா எறும்பு வரும், சிரிக்காதீங்க, வரும், குழந்தை ஏன் அழுதுன்னே தெரியாம ராத்திரி பூரா தோள்ல போட்டுட்டு நடப்பீங்க. ஈரத்துணியால ஓரத்தைத் துடைச்சி வச்சிருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கட்டு காலம் வந்துச்சுன்னா புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் தெருவுல முட்டி அளவு தண்ணி நிக்கறப்ப ஆட்டோ கிடைக்காது, முன்னாடி நாளே ஆஸ்பத்திரி பக்கம் இருக்கற சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருங்க, ஒரு கட்டு தள்ளிப் போச்சுன்னா சொல்லி அடுத்த நாளே போங்க.

தடுப்பூசி: ஆறு, பத்து, பதினாலு வாரத்துல போடற ஊசிங்க பெரும்பாலும் தொடையில போடறது, அங்க தான் கட்டு இருக்கும். ஒரு கால்ல மட்டும் கட்டுன்னா இன்னொரு தொடை இருக்கு. ரெண்டு காலும்னா கட்டு பிரிக்கற நாளையும் ஊசி நாளையும் சேத்து வச்சிக்க முடியுமான்னு ரெண்டு இடத்துலயும் சொல்லிக் கேளுங்க, ஏற்பாடு பண்ணுவாங்க. கட்டு இருக்குன்னு ஊசியைத் தள்ளிப் போடாதீங்க.

கட்டு பிரிக்கறதை சில இடத்துல அங்கயே பண்ணுவாங்க, சில இடத்துல வூட்ல வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சி பிரிச்சிட்டு வரச் சொல்லுவாங்க. வூட்ல பிரிக்கச் சொன்னா கிளம்பற அன்னிக்குக் காலைல பிரிங்க, முன்னாடி நாள் ராத்திரியே பிரிச்சிட்டா குழந்தை நல்லாத் தூங்கும் தான், ஆனா திருப்பின பாதம் கொஞ்சம் பழைய பக்கமே போயிரும்.

குதிகால் நார்

பாதம் வெளிய வந்துருச்சு, குதிகால் மட்டும் இறங்கலைன்னா பின்னாடி இருக்கற தசைநாரை சின்னதா வெட்டி விடுவாங்க. பத்துல எட்டு ஒம்போது குழந்தைக்கு இது தேவைப்படும். எல்லாரும் "நரம்பை வெட்டறாங்களாம்"னு சொல்லி அழறாங்க, அது நரம்பு இல்ல, உணர்ச்சி போகாது, நடக்க முடியாம போகாது. மரத்துப் போற ஊசி போட்டு சில நிமிஷத்துல முடிச்சிருவாங்க, பெரும்பாலும் அன்னிக்கே வூட்டுக்கு வந்துரலாம். மேல போடற கடைசி கட்டு மூணு வாரம் இருக்கும், அதுக்குள்ள நார் நீளமா வளர்ந்து ஒட்டிக்கும். கட்டுல குதிகால் பக்கம் ஒரு ரூபா காசு அளவு ரத்தக்கறை தெரிஞ்சா பரவால்ல, அது பெருசாகிக்கிட்டே போனா போன் போடுங்க. வலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சொட்டு மருந்து, எழுதின அளவு, அவ்ளோதான்.

ஷூ, ஷூ, ஷூ

கடைசி கட்டு பிரிக்கற அன்னிக்கே ஷூ மாட்டணும். ரெண்டு ஷூவுக்கு நடுவுல ஒரு கம்பி, அகலம் குழந்தையோட தோள் அளவு, கோணின கால் பக்கம் ஷூ 60, 70 டிகிரி வெளிய திரும்பியிருக்கும், நல்ல கால் பக்கம் 30, 40. ரெண்டு காலும் கோணல்னா ரெண்டும் 70 கிட்ட. நல்ல காலுக்கு எதுக்குன்னு கேட்டு ஒரு ஷூவை மட்டும் மாட்டறவங்க இருக்காங்க, கம்பி ரெண்டு பக்கமும் புடிச்சாத் தான் அந்தக் கோணம் நிக்கும். அந்த ஷூவை அளவெடுத்து கையில வாங்காம கட்டு பிரிக்கவே ஒத்துக்காதீங்க, "அடுத்த வாரம் ஸ்டாக் வரும்"னு வெறும் காலோட அனுப்பினா அந்த ஒரு வாரத்துல கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு, ஷூ வர்ற வரைக்கும் இன்னொரு கட்டு போடச் சொல்லிக் கேளுங்க.

முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். மிச்ச ஒரு மணி நேரம் குளிக்க, கால் ஆட்ட, டாக்டர் சொல்லிக் குடுத்த பயிற்சிக்கு. அதுக்கப்புறம் ராத்திரித் தூக்கமும் பகல் தூக்கமும் சேத்து 12ல இருந்து 14 மணி நேரம், நாலு இல்லாட்டி அஞ்சு வயசு வரைக்கும். பகல்ல முழிச்சிருக்கறப்ப சும்மா சாதாரண செருப்போ வெறும் காலோ எதுவும் ஓகே.

ஏன் இவ்ளோ வருஷம்? பாதத்தை உள்ள இழுக்கற அந்தக் குணம் குழந்தை வளர்ற வரைக்கும் உள்ளயே இருக்கு. முதல் வருஷத்துல ஷூவை நிறுத்திட்டா பத்துல ஒம்போது பேருக்குத் திரும்ப வளையும்னு டாக்டருங்க சொல்றாங்க, வருஷம் போகப் போக அந்த ஆபத்து குறையும். வளைஞ்சிருச்சுன்னா முதல்ல இருந்து கட்டு, அப்புறம் மறுபடி ஷூ.

மாட்டற விதம், இதை அவசரப்படாம படிங்க. தையல் இல்லாத பருத்தி சாக்ஸ் போடுங்க, சுருக்கம் இல்லாம இழுத்து விடுங்க. முட்டியை மடக்கிக்கிட்டு பாதத்தை உள்ள விடுங்க, குதிகால் அடிவரைக்கும் இறங்கணும், ஷூ பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா பாத்தா குதிகால் தெரியணும். முதல்ல நடு ஸ்ட்ராப்பை இறுக்குங்க, அதான் குதிகாலைப் புடிச்சி வைக்கறது, லேஸ் அப்புறம். மாட்டி முடிச்சிட்டு காலை மேல இழுத்துப் பாருங்க, விரல் பின்னாடி போகுதுன்னா குதிகால் இறங்கல, கழட்டிட்டு திரும்பப் போடுங்க. எந்தக் காலு ரொம்ப முரண்டு புடிக்குதோ அதை முதல்ல மாட்டுங்க, ஏன்னா ரெண்டாவதுக்கு உதைக்கறப்ப இன்னொரு கால் கம்பியோட கட்டிப்போட்டு இருக்கும்.

முதல் ரெண்டு மூணு ராத்திரி தூக்கம் இருக்காது. கத்தும். ரெண்டு காலையும் தனித்தனியா உதைச்சிப் பழகின குழந்தை, இப்ப ஒண்ணை உதைச்சா இன்னொண்ணு கூட வருது, அதுக்குக் கோவம். கம்பியைப் புடிச்சி ரெண்டு முட்டியும் ஒண்ணா மடக்கி நீட்டி விளையாட்டு காட்டுங்க, சேத்து உதைக்கக் கத்துக்கும், கத்துக்கிட்ட அப்புறம் கம்பியை வச்சே பாயை டொக்கு டொக்குன்னு அடிச்சி உங்களை எழுப்பும். அந்த மூணு ராத்திரில அழுதுன்னு கழட்டினீங்கன்னா, அழுதா கழட்டுவாங்கன்னு குழந்தை கத்துக்கும், அப்புறம் மூணு மாசம் அழும். வலியான்னு ஒரு தடவை கழட்டிப் பாருங்க, தோல் நல்லா இருந்தா திரும்ப மாட்டிட்டு தோள்ல போட்டு நடங்க.

தோல்ல லேசா சிவப்பு இருந்தா சகஜம், கொஞ்ச நேரத்துல மறையணும். மறையாத கடுஞ்சிவப்பு, கொப்புளம், அதுவும் குதிகால் பின்பக்கம் வந்தா, எல்லாரும் ஷூ இறுக்கம்னு நினைச்சி லூஸ் பண்ணுவாங்க. பெரும்பாலும் உல்டா, லூஸா இருக்கறதால குதிகால் உள்ள ஏறி இறங்கி உரசுது. ஸ்ட்ராப்பை ஒரு ஓட்டை இறுக்கணும். சிவந்த இடத்துல தேங்காய் எண்ணெய் கிரீம் எதுவும் தடவாதீங்க, தோல் ஊறி இன்னும் பிஞ்சிரும். புண் ஆயிருச்சுன்னா கிளினிக்குக்கு அன்னிக்கே போங்க, ஷூவை நீங்களா நிறுத்தாதீங்க. நம்ம ஊர் வேர்வைக்கு சாக்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மாத்தணும், அரை டஜன் வாங்கி வச்சிருங்க, மே மாசத்துல வேர்க்குரு வரும், ஃபேன் நேரா கால் பக்கம் வைங்க.

காலை உருவிக்கிட்டு வெளிய வர்ற வித்தைக்காரங்க இருக்காங்க. ஸ்ட்ராப் இறுக்கிப் பாருங்க, லேஸ் இறுக்கிப் பாருங்க, ஷூ நாக்கை எடுத்துட்டு மாட்டிப் பாக்கலாமான்னு கிளினிக்ல கேளுங்க. எல்லாம் பண்ணியும் தினமும் உருவறான்னா, குதிகால் திரும்ப மேல ஏற ஆரம்பிச்சிருக்கலாம், காட்டணும். கம்பியில இருக்கற திருகாணி லூஸ் ஆகும், வாரம் ஒரு நாள் டைட் பண்ணுங்க.

தூளி பத்தி எல்லாரும் கேக்கறாங்க. புடவைத் தூளி ரெண்டு பக்கமும் அமுக்கும், கம்பி குறுக்க நிக்கும், துணியில மாட்டி முறுக்கும், நான் தூளி வேணாம்னு தான் சொல்வேன். பாய்ல மெத்தை போட்டு மல்லாக்கப் படுக்க வைங்க. குடை மாதிரி மடக்கற குழந்தை கொசுவலை இருக்கே, அதுக்குள்ள கம்பி வச்ச கால் அடங்காது, பெரியவங்க வலையா கட்டிருங்க. கம்பி மேல பழைய டர்க்கி டவலை சுத்தி தைச்சிருங்க, இல்லாட்டி பால் குடுக்கறப்ப உங்க விலா எலும்பு தான் வாங்கும்.

முக்கியமான விஷயம், ஷூ மாட்டத் தெரிஞ்சவங்க வூட்ல ஒருத்தர் மட்டும் இருக்கக்கூடாது. அப்பா, பாட்டி, சித்தி யாரா இருந்தாலும் ரெண்டு பேருக்காச்சும் கை பழகணும். நீங்க ஜுரத்துல படுத்த அன்னிக்கு, கல்யாணத்துக்கு ஊருக்குப் போன அன்னிக்கு, அப்பா மீன்புடி துறைமுகத்துக்கு விடியக்காலைல கிளம்பற வூட்ல, இந்த மாதிரி நாள்ல தான் "ஒரு நாள் தானே"ன்னு விடறது ஆரம்பிக்கும். பல்லு விளக்கறது மாதிரி ஆயிரணும், சாப்பாடு, கதை, ஷூ, தூக்கம், அந்த வரிசை மாறாம. ஒன்றரை ரெண்டு வயசுல வாய் வந்ததும் "வேணாம்"னு சொல்லும், பொம்மைக்கு முதல்ல துணியால ஷூ கட்டச் சொல்லுங்க, எந்த சாக்ஸ்னு அதையே எடுக்கச் சொல்லுங்க, ஆனா மாட்டறதா வேணாமான்னு மட்டும் கேட்டுறாதீங்க.

தெருவுல கேக்கறவங்க

"இன்னாமா, கொழந்தைக்கு கால் உடஞ்சிடுச்சா?" பஸ் ஸ்டாப்ல, ரேஷன் கடைல, கோயில்ல, எல்லா இடத்துலயும். ஒரே வரியை மனப்பாடம் பண்ணி வச்சிக்கோங்க, "கால் கொஞ்சம் திரும்பியிருந்துச்சு, சரி பண்ணிட்டு இருக்கோம், ஓடுவான்." அதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல. குழந்தைக்கு புரியற வயசு வந்ததும் அவன் முன்னாடி "பாவம்"னு யாரும் சொல்ல விடாதீங்க. அமெரிக்காவுக்காக பெண்கள் ஃபுட்பால் உலகக் கோப்பை ரெண்டு தடவை, 1991லயும் 1999லயும், ஜெயிச்ச மியா ஹாம் கிளப் ஃபுட்டோட பொறந்தவங்க. 1992 ஒலிம்பிக்ல ஐஸ் மேல சறுக்கி தங்கம் வாங்கின கிறிஸ்டி யமகுச்சியும் அப்படித்தான். வியாசர்பாடி ஃபுட்பால் கிரவுண்டு பக்கத்துல இருக்கற ஆயாவுக்கு மியா ஹாம் கதை நல்லா எடுபடும், சொல்லிப் பாருங்க.

நடக்க ஆரம்பிச்ச அப்புறம்

ஷூ போட்டதால நடை தள்ளிப் போகும்னு பயம் இருக்கும், கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம், மத்த குழந்தைங்க நடக்கற வயசுக்குப் பக்கத்துலயே நடந்துரும். வாக்கர் வண்டி வாங்காதீங்க, எந்தக் குழந்தைக்கும் அது தேவையில்ல. ஷூ சைஸ் பாத்துட்டே இருங்க, விரல் முன்னாடி ஷூ ஓரத்தைத் தாண்டி மடங்க ஆரம்பிச்சா அடுத்த சைஸ், தோள் அகலமாகறப்ப கம்பியும் அகலமாகணும். சின்னதாப் போன ஷூவை கிளினிக்ல கேட்டுட்டு அங்கயே குடுத்துருங்க, வேற குழந்தைக்கு ஆகலாம்.

திரும்ப வளையுதான்னு வூட்லயே கண்டுபுடிக்க சுலபமான வழி, குழந்தை குத்துக்கால் வச்சி உக்காந்து கோலி ஆடறப்பவோ கக்கூஸ் போறப்பவோ பின்னாடி இருந்து பாருங்க. ரெண்டு குதிகாலும் தரையில பதியணும். ஒண்ணு தூக்கிக்கிட்டு நின்னா, இல்ல நடக்கறப்ப பாதத்தோட வெளி ஓரத்துல மட்டும் ஊணினா, தினமும் போடற செருப்பு ஒரு ஓரமாவே தேஞ்சா, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. சீக்கிரம் போனா ரெண்டு மூணு கட்டுலயே சரி பண்ணிருவாங்க. சில குழந்தைக்கு மூணு நாலு வயசுக்கு மேல, பாதத்தை உள்ள இழுக்கற ஒரு தசைநாரை எடுத்து பாதத்தோட வெளிப்பக்கம் மாத்திப் பொருத்தற ஆபரேஷன் சொல்லுவாங்க, அதுக்கும் ரொம்ப பயப்பட வேண்டாம், அப்புறம் ராத்திரி ஷூ பெரும்பாலும் தேவைப்படாது.

ஷூவை நிறுத்தலாம்னு டாக்டர் சொன்ன அப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் காட்டிட்டு வாங்க. ஸ்கூல் ஷூ வாங்கறப்ப ஒரு கால் அரை சைஸ், சில பேருக்கு ஒரு சைஸ் கூட சின்னதா இருக்கும், பெரிய காலுக்கு சரியா வர்ற ஜோடியை எடுத்துட்டு சின்ன கால் பக்கம் உள்ள ஒரு சோல் கூடப் போட்டுக்கோங்க. ரெண்டு காலையும் போட்டுப் பாக்காம ஷூ வாங்காதீங்க, கடைக்காரர் ஒரு கால்ல மட்டும் மாட்டி காமிச்சிட்டு டப்பாவை மூடுவார்.